நாடாளுமன்ற நூலகத்தில் யார் நுழையலாம், யார் புத்தகம் எடுக்கலாம்?

கேள்வி கேட்டவர் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். 1963 ஆட்சிமொழிகள் சட்டத்தை ஒட்டி அவையில் நடந்த விவாதங்கள்தான் அவருடைய தலைப்பு. டெல்லி நாடாளுமன்ற நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கிடைக்குமா, கிடைத்தால் புத்தகத்தை இரவல் வாங்கி விடுதி அறைக்கு எடுத்துவரலாமா, மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்துக்கு எதற்கு இத்தனை காவல், மற்ற நாடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் சுருக்கமாக. உள்ளே போய்ப் படிக்க வழி உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இரவல் கிடையாது. உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை டெல்லிக்குப் போகாமலே படித்துவிடலாம். அதனால் அனுமதிக் கடிதம் எழுத உட்காருவதற்கு முன் இந்தப் பதிலை முழுக்கப் படித்துவிடுங்கள்.

இந்த விதிகள் ஏன் இப்படி அமைந்தன என்று தெரிந்துகொள்ள அவையின் வேலை நேரத்தைப் பார்க்க வேண்டும். விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. முப்பது வருடத்துக்கு முன் ஓர் அமைச்சர் கொடுத்த உறுதிமொழியை ஓர் உறுப்பினர் மேற்கோள் காட்டுகிறார். எதிர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஆதாரம் கேட்கிறார். மேற்கோள் காட்டிய ஆவணத்துக்கு உறுப்பினரே சான்றளித்து மேசையில் வைக்கும்படி, அதாவது அவையின் ஆவணமாக ஒப்படைக்கும்படி, அவைத்தலைவர் சொல்லலாம். பேசியது அமைச்சராக இருந்து, அதுவரை அவைக்கு வராத அரசு ஆவணம் ஒன்றிலிருந்து அவர் மேற்கோள் காட்டியிருந்தால், பொது நலன் கருதி வெளியிட முடியாதவை நீங்கலாக, அதை அவர் மேசையில் வைத்தாக வேண்டும் என்று மக்களவை நடைமுறை விதியே சொல்கிறது. அந்த நேரத்தில் சம்பந்தப்பட்ட தொகுதி அலமாரியில் இருக்க வேண்டும். யாரோ ஓர் ஆய்வாளர் வீட்டில், தலையணைக்குப் பக்கத்தில் அது கிடந்தால் நூலகம் இருந்தும் பயனில்லை. நாளைக்கு வரவழைத்துத் தருகிறோம் என்ற பதிலும் அங்கே செல்லாது. நாளைக்கு விவாதம் முடிந்திருக்கும்.

நாடாளுமன்ற நூலக விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தொடக்க காலத்தைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 1800-இல் 5,000 டாலர் ஒதுக்கி அந்த நூலகத்தைத் தொடங்கினார்கள். மறு வருடம் லண்டனிலிருந்து வந்து இறங்கிய முதல் சரக்கு 740 புத்தகங்களும் 3 வரைபடங்களும். 1802-இல் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றி, வரைபடத்தை யாருமே வெளியே எடுத்துப் போகக் கூடாது என்றும், புத்தகத்தைக் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், இரு அவை உறுப்பினர்கள் ஆகியோர் மட்டுமே எடுத்துப் போகலாம் என்றும் விதித்தார்கள். கையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய வரைபடங்கள்தான் என்று நினைத்துப் பார்த்தால் அந்தக் கண்டிப்பு புரியும். ஒன்று போனாலும் பதிலுக்கு இன்னொன்று கிடைக்காது. கடலைக் கடந்துதான் வர வேண்டும்.

அதே நூலகம் 1897-இல் தனிக் கட்டடத்துக்கு மாறியபோது, அங்கிருந்து அவைக் கட்டடம்வரை நிலத்தடியில் சுரங்கம் அமைத்து, புத்தகங்களைச் சுமந்து போகும் இயந்திர வசதியையும் அதற்குள் பொருத்தினார்கள். உறுப்பினர் இருக்கையை விட்டு எழாமலே புத்தகம் அவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு.

இனி இரவல் விதிகள். நாட்டுக்கு நாடு எண்ணிக்கையும் நாள் கணக்கும் மாறும். அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இரவல் உரிமை ஆளுக்குத் தரப்படுவதில்லை, அவர் வகிக்கும் பதவிக்குத் தரப்படுகிறது. பதவியில் இருக்கும் உறுப்பினர் எத்தனை நூல்கள் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தந்த நூலகம் வரையறுத்திருக்கும். அமைச்சர்களுக்கும் அவைச் செயலக அலுவலர்களுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. முன்னாள் உறுப்பினருக்குப் பெரும்பாலும் வாசிப்பு உரிமை தொடரும், இரவல் உரிமை சுருங்கும் அல்லது நின்றுபோகும். அவை நடவடிக்கைகளைச் செய்தியாக்கும் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் உள்ளே வந்து பார்க்கலாம், எடுத்துப் போக முடியாது. ஆய்வாளர்களும் அந்த வரிசைதான். பொதுமக்கள் கடைசி. பல நாடுகளில் அவர்களுக்கு வரிசையே கிடையாது.

உறுப்பினரே எப்போதும் நேரில் வந்து புத்தகம் எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உதவியாளரை அனுப்புவார். அப்போது உறுப்பினரின் கையெழுத்துள்ள சீட்டையோ முன்கூட்டிப் பதிவு செய்த அங்கீகாரத்தையோ நூலகம் கேட்கும். எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் பொறுப்பு உறுப்பினருடையதுதான். தன் பெயரில் எடுத்ததை இன்னொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது என்ற விதியும் வழக்கமாக இருக்கும். நண்பருக்காக, மகனின் கல்லூரித் தேர்வுக்காக, ஊரிலிருந்து வந்த கட்சிக்காரருக்காக என்று புத்தகம் கிளம்பத் தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நூலகத்தில் ஒரு வருடம் வேலை பார்த்த யாரும் சொல்லிவிடுவார்கள்.

தவணையைவிட முக்கியமானது திரும்பக் கேட்கும் உரிமை. கெடு முடியாவிட்டாலும், இன்னொரு உறுப்பினருக்கு அவசரமாகத் தேவைப்பட்டாலோ அவைக்கே தேவைப்பட்டாலோ புத்தகத்தை உடனே திருப்பித் தரும்படி நூலகர் கேட்கலாம். பொது நூலகத்தில் கெடுவுக்கு முன் வந்து நின்று புத்தகத்தைக் கேட்டால் சண்டை வரும். இங்கே அது சாதாரண நடைமுறை. மசோதா விவாதத்துக்கு வரும் வாரத்தில் அந்தத் துறை நூல்களை இரவல் தராமல் தனி அலமாரியில் நிறுத்தி வைப்பதும் உண்டு. எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து அங்கேயே புரட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு பிரதி ஒரே ஒரு கட்சியின் கையில் சிக்கினால் அதுவும் ஒரு பாரபட்சம் ஆகிவிடும்.

கூட்டத்தொடர் நடக்கும் காலமும் இடைவேளைக் காலமும் இந்த நூலகங்களுக்கு இரண்டு வேறு பருவங்கள். அவை கூடியிருக்கும்போது வேலை நேரம் நீளும். அவை கலைந்த பிறகுதான் நூலகக் கதவைச் சாத்துவார்கள், இரவானாலும் சரி. அந்த நாட்களில் வெளியாட்களுக்கு இடம் குறையும். இடைவேளையில் கெடுபிடி தளரும். ஆய்வாளர்களை வரவேற்கும் மனநிலையும் அப்போதுதான் இருக்கும். நியூசிலாந்தில் ஒரு காலத்தில் அவை கூடாத மாதங்களில் தலைநகர் வெலிங்டன்வாசிகளில் சிலர் நாடாளுமன்ற நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் போகச் சலுகை இருந்தது. இந்தச் சலுகை அங்கே சர்ச்சைக்கும் உள்ளானது. கூட்டத்தொடர் தொடங்கும்போது தேவையான புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் உறுப்பினருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

எவை இரவலுக்கே வராதவை என்பதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. அகராதி, கலைக்களஞ்சியம், ஆண்டு நூல், சட்டத் தொகுப்பு, வரைபடம், அரசிதழ், பைண்டு செய்த நாளிதழ்த் தொகுதிகள், அரிய நூல்கள். புதிதாக வந்த நூல்களை எல்லாரும் பார்க்கட்டும் என்று சில நாள் காட்சிக்கு வைத்துவிட்டு அப்புறம்தான் இரவலுக்கு விடுவது வழக்கம். அரிய பொருள் என்று வந்தால் உறுப்பினரும் வெளியாளும் ஒன்றுதான். கையால் எழுதி, நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் அலங்கரித்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூலப் பிரதி டெல்லி நாடாளுமன்ற நூலகத்தில், ஆக்சிஜன் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அமைச்சரே வந்தாலும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

தொலைந்த புத்தகத்துக்குப் பதில் புத்தகம் வாங்கித் தர வேண்டும், அல்லது விலையைக் கட்ட வேண்டும். அச்சில் இல்லாத நூல் என்றால் விலையைக் கணக்கிடுவதில் தகராறு வரும். பல தொகுதி கொண்ட வரிசையில் ஒன்று தொலைந்தால் முழு வரிசையின் விலையையும் கேட்கும் விதி பல நூலகங்களில் உண்டு. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் நியாயம்தான். பதினைந்து தொகுதியில் ஏழாவது இல்லாத வரிசையை வைத்துக்கொண்டு நூலகம் என்ன செய்யும்?

அவை கலைக்கப்படும்போதுதான் சோதனை. ஐந்து வருடமாக எடுத்த புத்தகங்கள் அரசு வீட்டின் அலமாரியில், தொகுதி அலுவலகத்தில், சொந்த ஊரில் என்று சிதறிக் கிடக்கும். உறுப்பினர் தோற்றுப்போய்ப் பெட்டி கட்டும் நேரத்தில் நூலகத்திலிருந்து நினைவூட்டல் கடிதம் வரும். வீடு, தொலைபேசி, நூலகம் எதிலும் பாக்கி இல்லை என்ற நிலுவையின்மைச் சான்றோடு கணக்கு முடிப்பதை இணைத்துவிட்டால் புத்தகம் தானாகத் திரும்பி வரும். கடுமையான அபராதத்தைவிட இந்தச் சான்று அதிகம் வேலை செய்யும் என்பது என் எண்ணம். பதவியில் இருப்பவரிடம் நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் தாமதக் கட்டணம் கேட்டு எந்த நூலகரும் ஜெயித்ததில்லை.

இந்த விதிகளை யார் போடுகிறார்கள் என்றால், இறுதி அதிகாரம் அவைத்தலைவருடையது. அவருக்கு யோசனை சொல்ல நூலகக் குழு உண்டு. இந்தியாவில் அந்தக் குழுவில் 9 பேர்: மக்களவையிலிருந்து 6, மாநிலங்களவையிலிருந்து 3. எந்தப் புத்தகம் வாங்குவது, விதிகளில் என்ன மாற்றம் வேண்டும், சேவையை எப்படி மேம்படுத்துவது என்றெல்லாம் அது பரிந்துரைக்கும். ஆகவே இது அரசாணை போட்டு மாற்றும் விஷயம் இல்லை. அமைச்சகத்துக்கு மனு எழுதிப் பயனில்லை. எழுதுவதானால் அவைச் செயலகத்துக்கு எழுத வேண்டும்.

புத்தகத்தைத் தாண்டி இன்னொரு சேவை இருக்கிறது, வெளியாட்களுக்கு அதிகம் தெரியாதது. உறுப்பினர் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தால் நூலகத்தின் ஆய்வுப் பிரிவு தகவல் திரட்டிக் குறிப்பாகத் தரும். இந்தியாவில் 1950-இலிருந்து இது நடக்கிறது. அமெரிக்காவில் 1914-இலேயே தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். இந்தச் சேவைக்கு மூன்று நிபந்தனைகள் எங்குமே கறாரானவை. நாடாளுமன்றப் பணிக்கு மட்டும்தான் தருவார்கள், வழக்குக்கோ வியாபாரத்துக்கோ கிடையாது. கட்சி சார்ந்த வாதம் எழுதித் தர மாட்டார்கள். யார் என்ன கேட்டார் என்பதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்கள். கடைசி நிபந்தனைக்காகத்தான் உறுப்பினர்களின் வாசிப்பு அறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் எந்த ஒப்பந்தத்தின் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு செய்தியாளர் பார்த்துவிட்டால், நாளைக் காலை அவையில் கேட்கப்போகும் கேள்வி இன்றிரவே செய்தியாகிவிடும்.

இப்போது டெல்லி. மத்தியச் சட்டமன்றத்துக்காக 1921-இல் தொடங்கிய நூலகம் அது. வட்ட வடிவப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், முதலில் சுதேச மன்னர்கள் அவைக்கென்று கட்டி, 1958வரை உச்ச நீதிமன்றம் அமர்ந்த கூடம் பின்னாளில் உறுப்பினர்களின் வாசிப்பு அறையானது. ஒரே அறைக்கு எத்தனை பிறவி பாருங்கள். இடம் போதாமல் தனிக் கட்டடம் கட்ட 1987-இல் அடிக்கல் நாட்டினார்கள். ராஜ் ரேவால் வடிவமைத்த அந்தக் கட்டடத்தை 2002 மே 7 அன்று குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் திறந்துவைத்தார். இன்றைக்கும் நூலகம் அங்கேதான்.

கட்டடம் நாடாளுமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் உங்களுக்கு இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று நூலகத்தைப் பயன்படுத்துவதற்கு, இன்னொன்று வளாகத்துக்குள் நுழைவதற்கு. முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள். நுழைவுச் சீட்டைத் தனிப் பிரிவு வழங்குகிறது. 2001 டிசம்பர் 13 தாக்குதலுக்குப் பிறகு கெடுபிடி கூடியது. அதே தேதியில் 2023-இல் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்த சம்பவத்துக்குப் பின் இன்னும் இறுகியது. 2022-இல் இந்த நூலகத்தைப் பொதுமக்களுக்கும் திறப்பதாக மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அறிவித்தார் என்பது உண்மை. அதை நம்பி ரயில் ஏறிவிடாதீர்கள். போகிற வாரத்தில் நடைமுறை என்ன என்பதைச் செயலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு டிக்கெட் எடுங்கள்.

ஆய்வாளராக அனுமதி கேட்கும் கடிதம் உங்கள் பெயரில் மட்டும் போனால் பலம் குறைவு. துறைத் தலைவரோ பதிவாளரோ பல்கலைக்கழகத் தாளில் பரிந்துரைக்க வேண்டும். அதில் ஆய்வுத் தலைப்பு, எந்தக் காலத்து எந்த ஆவணங்கள், எத்தனை நாள், ஏன் அவை வேறு இடத்தில் கிடைக்கவில்லை என்ற நான்கும் இருக்கட்டும். நான்காவதுதான் அனுமதியைத் தீர்மானிக்கும். "நாடாளுமன்ற விவாதங்களைப் படிக்க" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், அவை இணையத்திலேயே இருக்கின்றனவே என்று ஒரு வரியில் பதில் வரும். "இன்ன தேதியில் மேசையில் வைக்கப்பட்ட இன்ன ஆவணம், அச்சில் வரவில்லை" என்று எழுதினால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கூட்டத்தொடர் இல்லாத வாரங்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உள்ளே போன பிறகு பையும் கைபேசியும் உங்களோடு வருமா என்பதைப் பாதுகாப்புப் பிரிவு முடிவு செய்யும். நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு நீங்களே போய்த் தேடுவதற்கு அனுமதி இருக்காது என்ற எண்ணத்தோடு போவது நல்லது. நூற்பட்டியலில் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்து வருவார்கள். அதனால் நூற்பட்டியலை வீட்டிலிருந்தே அலசி, வேண்டியவற்றின் பட்டியலைத் தயாராகக் கொண்டுபோனால் முதல் நாள் வீணாகாது.

போகாமலே கிடைப்பவற்றுக்கு வருகிறேன். 1952 முதலான மக்களவை விவாதங்கள் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. விடுதலைக்கு முந்தைய சட்டமன்ற நடவடிக்கைகளும், அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களும், குழு அறிக்கைகளும் அங்கே உண்டு. 1963 ஏப்ரல் விவாதங்கள் உங்கள் மடிக்கணினிக்கே வந்துவிடும். பழைய பக்கங்களில் எழுத்து மங்கலாக இருப்பதால் சொல் தேடல் பல இடங்களில் கைகொடுக்காது. தேதியைக் கொண்டு தேடுங்கள்.

தனியார் பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்கள் வேண்டுமென்றால் அதற்கு நாடாளுமன்ற நூலகம் இடமே இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சேர வேண்டியவை கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை, டெல்லி பொது நூலகங்கள். அலுவலக உபயோகத்துக்கென்று அச்சிட்டவை தவிர, அரசு வெளியீடுகளையும் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் மொழிப் பிரச்சினை எப்படிப் பேசப்பட்டது என்று ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள்.

மற்ற நாடுகளில் மூன்று விதம். லண்டன் மக்கள் அவை நூலகமும் கனடாவின் ஒட்டாவா நூலகமும் ஏறக்குறைய மூடியவை. உறுப்பினருக்கும் அவர் அலுவலகத்துக்கும்தான் சேவை. 1818-இல் தொடங்கிய லண்டன் நூலகத்துக்குள் வெளி ஆய்வாளர் நுழைய முடியாவிட்டாலும், அங்குள்ளவர்கள் எழுதும் ஆய்வுக் குறிப்புகளை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒட்டாவா நூலகத்துக்கு வேறொரு புகழ் உண்டு. 1916-இல் நாடாளுமன்றத்தின் மையக் கட்டடம் எரிந்தபோது ஊழியர் ஒருவர் இரும்புக் கதவுகளைச் சாத்தச் சொன்னதால் நூலகம் மட்டும் தப்பியது.

வாஷிங்டனும் டோக்கியோவும் இதற்கு நேர் எதிர். அங்கே நாடாளுமன்ற நூலகமே தேசிய நூலகமும்கூட. வாஷிங்டனில் 16 வயது நிரம்பிய யாரும் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி இலவசமாக வாசகர் அட்டை வாங்கலாம், எந்த நாட்டவராக இருந்தாலும். அட்டை வாங்கினால் வாசிப்பு அறையில் உட்கார்ந்து கேட்ட புத்தகத்தைப் படிக்கலாம், அவ்வளவே. வீட்டுக்கு எடுத்துப் போகும் உரிமை உறுப்பினர்களுக்கும் சில உயர் பதவியாளர்களுக்கும் மட்டும். டோக்கியோவில் 1948-இல் உருவான தேசிய நூலகத்திலும் தனிநபருக்கு இரவல் இல்லை, பதிப்புரிமை அனுமதிக்கும் அளவுக்குப் பக்கங்களை நகலெடுத்துத் தருவார்கள். தென்கொரிய அவை நூலகமும் ஏறக்குறைய இதே வழி. பின்லாந்தின் ஹெல்சிங்கி இன்னும் ஒரு படி மேலே போய், சட்டம், அரசியல் படிப்பவர்களுக்கான சிறப்பு நூலகமாகவே 1913-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது.

டெல்லி இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. வேறெங்கும் கிடைக்காதது இங்கே இருக்கிறது என்று காட்டினால் அனுமதிக்கலாம் என்ற வகை.

வரிப்பணக் கேள்விக்கு என் பதில் இரண்டு பகுதி. இரவல் மறுப்பதில் எனக்குக் குறை இல்லை. எல்லாருக்கும் பொதுவான உடைமை என்பதாலேயே ஒருவர் அதை எடுத்துப் போய்விட முடியாது. ஆனால் படிக்க வருபவரை வாசலில் நிறுத்தும் காரணம் பாதுகாப்பா, இடநெருக்கடியா, பழக்கமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை மற்ற இரண்டின் பெயரால் நியாயப்படுத்துவதை ஏற்க முடியாது. நூலகம் தயாரிக்கும் குறிப்புகளையாவது தடையின்றி வெளியிடலாம். அமெரிக்காவில் அவை வெகுகாலம் உறுப்பினர்களுக்கு மட்டும்தான் என்று இருந்தன. 2018-இல் சட்டம் கொண்டுவந்து, அதே வருடம் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார்கள். எந்த உறுப்பினர் எதைக் கேட்டார் என்ற ரகசியம் அதனால் கெடவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் எல்லாம் கிடைத்துவிடாதா என்று கேட்பீர்கள். அவைச் செயலகமும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அவையின் உரிமையை மீறுவதாகும் தகவலைத் தரத் தேவையில்லை என்று பிரிவு 8 சொல்கிறது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையும் சாட்சியமும் அவையில் வைக்கப்படும்வரை ரகசியம். அவற்றைத் தேடி அலைய வேண்டாம்.

அவையில் வைத்த பிறகு என்ன ஆகிறது என்பது உங்கள் ஆய்வுக்கு மிக முக்கியம். அச்சிட்ட விவாதத் தொகுதியில் ஓர் அமைச்சர் அறிக்கையை மேசையில் வைத்ததாக ஒரு வரி வரும். அதன் கீழே சிறிய எழுத்தில், நூலகத்தில் வைக்கப்பட்டது, காண்க எண் எல்.டி. என்று தொடங்கி, ஒரு சாய்கோடும் வருடமும் சேர்ந்த அடிக்குறிப்பு இருக்கும். பெரும்பாலானோர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். விவாதத் தொகுதியில் முழு அறிக்கை இருக்காது, அந்த எண்ணின் கீழ்தான் நூலகத்தில் இருக்கிறது. பிரிட்டனில் இப்படி அமைச்சர்கள் நூலகத்தில் வைக்கும் ஆவணங்களை 2007 முதல் இணையத்திலும் பார்க்கலாம். இங்கே பழைய ஆவணங்கள் பலவற்றுக்கு அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆகவே முதலில் மின்னூலகத்தில் 1963 விவாதங்களை முடியுங்கள், ஒவ்வொரு எல்.டி. எண்ணையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலைத் துறைத் தலைவரின் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.